பலகை நட வந்த மாப்ளைக்கு

உக்காரு மாப்ள. மதுரையோட பெருமைய உள்ளூர்க்காரனுக்கும் வெளியூர்க்காரனுக்கும் எடுத்துச் சொல்ற சோலி ஒனக்குக் கெடச்சிருக்குன்னு ஒங்கம்மா சொன்னா. ரொம்பச் சந்தோசம். ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல இந்த ஊரு வாயில்லாமக் கெடந்துச்சு, நீ வந்துதான் பேச வைக்கணும்னு இருந்திருக்கு. பலகை, செயலி, தூணுக்குத் தூணு ஒட்டுற க்யூஆர் கோடு, எல்லாத்துக்கும் எழுதி எடுத்துட்டு வந்திருக்க. கண்ணாடியப் போட்டுப் படிச்சேன். தொடச்சுப் போட்டு இன்னொரு வாட்டியும் படிச்சேன். ஒருத்தனுக்கும் வெளங்கிறக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டா அதுல கொறை வைக்கக் கூடாது. நீ வைக்கல.

"நாயக்கர் காலக் கட்டடக்கலைக்கு ஒரு சிறந்த எடுத்துக்காட்டாகத் திகழ்கிறது." திருமலை நாயக்கர் மகாலுக்கும் இதான், புதுமண்டபத்துக்கும் இதான், பத்துத்தூணுக்கும் இதான். நல்ல யோசனை. காண்ட்ராக்டர் பலகைய மாத்தி நட்டாலும் ஒரு தப்பும் வராது. ஒனக்கு முன்னால பலகை வச்ச பெரியவுகளும் இப்படித்தான் முன்யோசனையோட இருந்தாக. மதுரையச் சுத்தி இருக்குற சமணர் மலைகள்ல நீலப் பலகை பாத்திருப்ப. வெயில்ல ஏறி, மூச்சு வாங்கி, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நிக்கிறவனுக்கு அது மொதல்ல சொல்றது தண்டனைய. சேதப்படுத்துனா ரெண்டு வருசம் உள்ள, இல்ல லட்ச ரூவா அபராதம், இல்ல ரெண்டுமே. எதைச் சேதப்படுத்துனா? அதச் சொல்லிட்டா மனுசன் தெரிஞ்சுக்கிட்டுப் போயிருவானே!

மாங்குளத்து மலையில ஏறியிருக்கியா? இல்லையா? சரி, நீ எழுதுறவன், ஏற வேண்டியதில்ல. நான் சொல்றேன் கேளு. குகைக்குள்ள மழைத்தண்ணி எறங்காம இருக்க பாறை நெத்தியில காடி வெட்டி விட்டிருப்பாய்ங்க. அதுக்குக் கீழதான் எழுத்து. 1882-ல ராபர்ட் சுவெல்லுங்கிற வெள்ளைக்காரர் பாத்து வெளி உலகத்துக்குச் சொன்னாரு. அது தமிழுதான்னு படிச்சு எடுக்க இன்னும் பல வருசம் ஆச்சு. அதுல நெடுஞ்செழியன் பேரு இருக்கு. அந்த ராசாவோட ஆளு கடலன் வழுதி, கணி நந்தன்ங்கிற சமணத் துறவிக்குப் படுக்கை வெட்டிக் குடுத்த சேதிதான் அது. கி.மு. ரெண்டாம் நூத்தாண்ட ஒட்டுனதுங்கிறாக. பாண்டியன் பேரு கல்லுல நிக்கிற எடம் பஸ்ஸு ஏறிப் போற தூரத்துல இருக்கு, நம்ம பயலுக பாதிப் பேருக்குத் தெரியாது. அங்க ஆடு மேய்க்கிறவரக் கேளு, பஞ்ச பாண்டவர் படுக்கைம்பாரு. சமண முனிவரு படுத்த எடத்துல பீமனப் படுக்கப் போட்டாச்சு. போட்டா என்ன? பலகையில ரெண்டையும் எழுது. கல்லு சொல்றது ஒன்னு, ஆடு மேய்க்கிறவரு சொல்றது ஒன்னு. படிக்கிறவன் ரெண்டுக்கும் நடுவுல நின்னு கொஞ்சம் யோசிப்பான். யோசிச்சிரக் கூடாதுன்னு மேல உத்தரவு ஏதும் இருந்தா சொல்லு, வுட்டுர்றேன்.

ஒனக்கு எண்ணிக்கைன்னா உசிரு போல. எந்தத் தாளப் பொரட்டுனாலும் இத்தன அடி நீளம், இத்தன அடி அகலம். சர்வேயரு வேலைக்குப் போக வேண்டியவன் தப்பி இங்கிட்டு வந்துட்டியா? எண்ணிக்கைய நம்புனா மீனாட்சி கோயிலு ஆயிரங்கால் மண்டபத்துல மாட்டிக்குவ. அங்க இருக்கிறது 985 தூணு. ஏதாச்சும் ஒரு வெளியூர்க்காரன் வேலை மெனக்கெட்டு எண்ணிட்டு வந்து, மிச்சப் பதினஞ்சு எங்கடான்னு கேப்பான். சன்னிதி வச்சதுல அந்த எடம் போச்சுன்னு ஊர்ல சொல்வாய்ங்க. அந்தப் பேச்சு நடந்தாத்தான் அவன் ஊருக்குப் போயி நாலு பேருகிட்ட மதுரையப் பத்திச் சொல்லுவான். நீளம் அகலத்த எவன் மாப்ள சொல்லுவான்?

புதுமண்டபத்துக்கு 124 தூணுன்னு எழுதியிருக்க. சரிதான். வசந்த மண்டபமாக் கட்டுனது திருமலை நாயக்கர்னும் எழுதியிருக்க, அதுவும் சரி. ஆனா நான் வாலிபனா இருக்கைல அந்தத் தூணுகளுக்கு நடுவுல தையல் மிசினு ஓடுன சத்தம் ஒம் பலகையில எங்க? பள்ளிக்கூடத்து நாடகத்துக்குக் கட்டபொம்மன் உடுப்பு, சாமிக்குப் பாவாடை, அழகருக்கு நேந்துக்கிட்டு வேசம் போடுறவுகளுக்குச் சட்டை, சின்னப் பிள்ளைக்கு மீனாட்சி கிரீடம், எல்லாம் அங்கதான். அங்கிட்டுப் பழைய பொஸ்தகம், இங்கிட்டு வளையலு பாசி. இப்ப கடைகளக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்தியாச்சு. செலைகளுக்குக் காத்து வந்துச்சு, நல்லதுதான், அதுல எனக்குச் சண்டை இல்ல. ஆனா திருமலை நாயக்கர் செலைக்கு எதுக்க ஒக்காந்து ஆயுசு பூராம் காஜா எடுத்த மனுசன் அந்த மண்டபத்துச் சரித்திரத்துல சேத்தி இல்லையா? எந்தத் தூணுல எந்தச் செலை, எந்தச் செலைக்கு எந்த வெரலு ஒடஞ்சிருக்குன்னு அவருக்குக் கண்ணக் கட்டி விட்டாலும் தெரியும். அவரக் கூட்டியாந்து நாலு பேருக்கு நடுவுல பேச வை. சும்மா இல்ல, சம்பளம் குடுத்து. ஒம் திட்டத்துல ஆலோசகருக்கு ஒதுக்குன காசு எம்புட்டுன்னு நான் கேக்கல. கேட்டா எனக்கு நெஞ்சு வலி வரும்.

பத்துத்தூணுக்குக் கோடு ஒட்டப் போறியாமே. ஒட்டு, ஒட்டு. துணிக்கடைச் சந்துக்குள்ள, தொங்குற சுடிதாருக்கும் நைட்டிக்கும் நடுவுல அம்மாம்பெரிய தூணு பத்து நிக்குது. நாயக்கர் அரமனை எதுவரைக்கும் இருந்துச்சுன்னு காட்ட அத விட்டாச் சாட்சி கெடையாது. அதுக்குக் கீழ நின்னு நாலு தலைமுறையாத் துணி விக்கிறாய்ங்க. நீ ஒட்டுற கட்டத்து மேல தீபாவளித் தள்ளுபடி நோட்டீஸ் ஒட்டுவாய்ங்க, அவய்ங்களத் திட்டாத. நீ ஒரு வாத்தை அவய்ங்ககிட்டச் சொல்லாம வந்து ஒட்டுனா அப்படித்தான். "அண்ணே, ஒங்க கடை நிக்கிறது ராசா வீட்டு வாசல்ல"ன்னு கடைக்காரருகிட்டச் சொல்லிப் பாரு. மறுநாளு துணி எடுக்க வர்றவளுக்கெல்லாம் அவரே சொல்லுவாரு. வெலையக் கொஞ்சம் ஏத்தியும் விடுவாரு, அது வேற.

இப்ப பெரிய விசயத்துக்கு வாறேன். சித்திரைத் திருவிழாவுக்கு வர்ற வெளியூர்க்காரன் கேக்குற மொதக் கேள்வி என்ன தெரியுமா? சித்திரைத் தேரு ஏன் மாசி வீதியில ஓடுது? ஒம் காகிதம் அம்புட்டையும் தேடுனேன், பதில் இல்ல. "மதுரை தாமரை வடிவில் அமைந்த நகரம்"னு மட்டும் இருக்கு. மேல பறக்குறவனுக்குத் தாமரை. கீழ நடக்குறவனுக்கு?

கோயில நடுவுல வச்சு ஒன்னுக்கு வெளியில ஒன்னா வீதி. மதிலுக்கு உள்ள ஆடி வீதி, வெளியில சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதுக்கப்பறம் மாசி வீதி, கடைசியா வெளிவீதி. அந்தந்த மாசத்துத் திருவிழா அந்தந்த வீதியச் சுத்தும். மீனாட்சி கல்யாணம் முன்னால மாசியிலதான் நடந்துச்சு, தேரும் மாசி வீதியில ஓடுச்சு. சித்திரையில நடந்தது அழகர் திருவிழா, அதுவும் தேனூர்ப் பக்கம் ஆத்துல. திருமலை நாயக்கர் கல்யாணத்தச் சித்திரைக்கு மாத்தி, அழகரையும் மதுரைப் பக்கம் வர வச்சு, ரெண்டையும் சேத்து விட்டாரு. அறுப்புக் காலத்துல தேரிழுக்க ஆளு கெடைக்கலைங்கிறது ஒரு பேச்சு. சிவன் கோயிலு பெருமாள் கோயிலுன்னு ரெண்டா நின்ன சனத்த ஒன்னாக்குனாருங்கிறது இன்னொரு பேச்சு. மாசம் மாறிப்போச்சு, ஆனா மாசி வீதி அளவுக்குத் தேரு திரும்ப அகலம் வேற வீதிக்கு எங்க? அதனால சித்திரைத் தேரு மாசி வீதியில. கீழமாசி வீதி தேரடியில இத ஒரு பலகையா வையி. ஒருத்தன் அத வாசிச்சுப்புட்டு அந்த வீதியில நடந்தாம்னா, காலுக்குக் கீழ மதுரை வெளங்கிரும்.

அழகர் சங்கதிக்கு நீ எழுதுனது எனக்கு ரொம்பப் பிடிச்சிச்சு. "கள்ளழகர் வைகை ஆற்றில் எழுந்தருளும் நிகழ்வில் இலட்சக்கணக்கான பக்தர்கள் கலந்துகொள்கின்றனர்." போதும், இதுக்கு மேல ஒரு வரி எழுதுனாச் சுவாரசியம் வந்துரும்னு பயந்துட்ட.

மாப்ள, அங்க மூணு கதை இருக்கு. கோயில்ல கேட்டா, தவளையாச் சாபம் வாங்குன மண்டூக முனிவருக்கு மோட்சம் குடுக்கத்தான் பெருமாள் வர்றாருங்கிறாக. வண்டியூருக்கிட்ட தேனூரு மண்டபத்துல அது நடக்கவும் செய்யுது. அந்த மண்டபத்துக்குத் தேனூரு பேரு ஏன்னா, பழைய எடத்து ஞாபகம். நம்ம வீட்டுக் கெழவிகளக் கேட்டா, அதெல்லாம் இல்லப்பா, தங்கச்சி கல்யாணத்துக்கு அண்ணன் சீரோட வந்தாரு, ஆத்தங்கரைக்கு வாறதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சுபோச்சு, கோவிச்சுக்கிட்டு ஆத்தோட திரும்பிட்டாரும்பாக. இந்தக் கோவத்துக்கு நடுவுல, திருப்பரங்குன்றத்துல இருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் ஒழுங்கா நேரத்துக்கு வந்து தாரவாத்துக் குடுத்துட்டுப் போறாரு, அவரப் பத்தி ஒருத்தனும் பேசுறதில்ல. நேரத்துக்கு வர்ற அண்ணனுக்கு என்னைக்கு மரியாதை இருந்துச்சு? மூணாவது கதை வண்டியூர்ல துலுக்கநாச்சியாரு. அழகரு ராத்திரி தங்குறது அந்தம்மா வீட்டுலதான்னு ஊருக்கே தெரியும்.

ஒங்க ஆபீசரு கேப்பாரு, இதுல எது உண்மைன்னு. தொ. பரமசிவன் அய்யா இதுக்காகவே பல வருசம் சனங்களோட சனமா அலைஞ்சு 'அழகர் கோயில்'னு ஆராய்ச்சி பண்ணினாரு. மதுரைக் காமராசர் பல்கலைக்கழகம் 1989-ல பொஸ்தகமாப் போட்டுச்சு. அவரு கெழவி சொன்ன கதையத் தள்ளி வைக்கல. கோயில் ஒழுங்குக்கு என்ன மதிப்போ, மாட்டு வண்டி கட்டிக்கிட்டு வந்த சனத்துச் சொல்லுக்கும் அதே மதிப்பு குடுத்தாரு. ஒங்க ஆபீசரு அந்தப் பொஸ்தகத்த வாசிக்க நேரமில்லைன்னு சொல்லுவாரு. நீயாச்சும் வாசி.

அப்பறம் கண்ணுக்கு முன்னால நடக்குறதச் சொல்லு. தோல்பையில தண்ணிய நெரப்பிக்கிட்டு ஏன் துருத்தியில பீச்சுறாய்ங்க? மலையில இருந்து வெயில்ல வந்த சாமிக்குச் சூடு தணியணும். வெளியூர்க்காரி புதுப் பட்டுப் பொடவையோட வந்து நிப்பா, மேல தண்ணி விழுந்ததும் சண்டைக்கு வருவா. முன்னாடியே ஒரு வரி சொல்லி வச்சிருந்தா சிரிச்சுக்கிட்டு நனைஞ்சிருப்பா. சொம்புல சர்க்கரைய நெரப்பி, வாழை எலையக் கட்டி, மேல சூடத்தப் பொருத்தி ஏன் தூக்கிக் காட்டுறாக, ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து ஆண்டாள் மாலை ஏன் வருது, பச்சைப் பட்டு உடுத்திக்கிட்டு எறங்குனா வெள்ளாமை செழிக்கும்னு ஏன் அம்புட்டுச் சனமும் விடிய விடியக் காத்துக் கெடக்குது. இதச் சொல்ற சோலிதான் ஒன் சோலி. அழகரு எறங்குறதுக்கு வைகை அணையத் தொறந்து தண்ணி விட வேண்டியிருக்குங்கிறதையும் சேத்து எழுது. ஆறு காஞ்சுபோனதும் நம்ம சொத்துதானே, பேரன் பேத்திக்குக் குடுக்கப் போறமே.

செயலியையே நான் வையலை. அழகரு இப்ப எங்க வந்துக்கிட்டு இருக்காருன்னு போன்ல காட்டுற வசதி ஒன்னு வந்துச்சு. மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்னு நின்னு வர்ற மனுசன், எப்ப வருவாருன்னு எவனுக்குத் தெரியும்? சனம் கேட்ட கேள்வி அது, அதுக்குப் பதிலு கெடச்சுது, எங்க வீட்டுக் கெழவிகூடப் பேரனப் பாக்கச் சொன்னா. ஒன் செயலியத் தொறந்தா மொதல்ல அமைச்சரு படம், அப்பறம் வரவேற்புரை, அப்பறம் ஒம் போன் நம்பரக் குடுங்கிற பொட்டி. மீனாட்சியப் பாக்குறதுக்குக்கூட இம்புட்டு வரிசை கெடையாது.

மகால்ல ராத்திரி ஒலி ஒளிக் காட்சி நடக்குது, போனா நல்லா இருக்கும். 1636-ல நாயக்கர் கட்டுன வீட்டுக்குள்ள ஒக்கார வச்சு, கண்ணகி கதையச் சொல்றாய்ங்க. திருமலை நாயக்கருக்கு எத்தனையோ நூத்தாண்டுக்கு முன்னால பாண்டியன் செத்த கதைய, நாயக்கரு வீட்டுத் தூணுல வெளிச்சம் அடிச்சுச் சொல்ற துணிச்சல் நமக்குத்தான் வரும். ஆனா அந்த வீட்டோட கதை அதுக்கு எளப்பமில்ல. இப்ப நிக்கிறது பழசுல நாலுல ஒரு பங்குகூடத் தேறுமோ என்னமோம்பாக. மிச்சத்த இடிச்சது வெள்ளைக்காரனும் இல்ல, சுல்தானும் இல்ல. சொந்தப் பேரன் சொக்கநாத நாயக்கரு, தலைநகரத் திருச்சிக்கு மாத்துறேன்னு பேத்து எடுத்துக்கிட்டுப் போனாரு. அப்பறம் சென்னையில கவர்னரா இருந்த நேப்பியர் பிரபு வந்து பழுது பாத்தாரு. தாத்தா கட்ட, பேரன் இடிக்க, அசலூருக்காரன் பூச. இத எந்த வெளக்கும் போடாமச் சொன்னாக்கூடச் சனம் ஒக்காந்து கேக்கும். வீட்டுக்கு வீடு நடக்குறதுதானே.

சரி, உள்ளூர்க்காரனுக்கு என்ன எழுதியிருக்கன்னு தேடுனேன். "உள்ளூர் மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்துதல்"னு ஒரு வரி. அதுக்கு ஒரு பேரணி, ஒரு தொப்பி, ஒரு தண்ணிப் பாட்டிலு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள வெயில்ல நிக்க வச்சு "பாரம்பரியம் காப்போம்"னு கத்த விடப் போற. எந்தப் பாரம்பரியம்னு ஒரு பிள்ளை கேட்டுச்சுன்னா அதத் தலைவராப் போடு.

விளக்குத்தூண்னு ஒரு நாளைக்கு எத்தன ஆயிரம் பேரு சொல்றாய்ங்க. பஸ்ஸு நிக்கிற எடம், தீபாவளிக்குத் துணி எடுக்குற எடம். அந்தத் தூணு யாருக்கு வச்சதுன்னு கேட்டா முழிப்பாய்ங்க. பிளாக்பர்ன்னு ஒரு கலெக்டரு. 1840-ஐ ஒட்டி மதுரைக் கோட்டைய இடிச்சு அகழியத் தூத்தாரு. இடிச்சுத் தூக்குறவனுக்கே எடம்னு சொன்னாருன்னு ஒரு பேச்சு, அப்பறம் நம்மாளு கையில கடப்பாரை நிக்குமா? அப்படிப் பொறந்த வீதிகதான் வெளிவீதி, மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி எல்லாம். மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் எடத்த அளந்து குடுத்த ஆளுக. கோட்டைய இடிச்சவருக்கு வெளக்குத்தூணு, அளந்தவுகளுக்கு வீதி, கட்டுன விஸ்வநாத நாயக்கருக்கு என்ன வச்சோம்னு நீயே யோசிச்சுக்க. சு. வெங்கடேசன் 'காவல் கோட்ட'த்துல இதெல்லாம் எழுதி 2011-ல சாகித்திய அகாதமி வாங்கிட்டாரு. மீதிக் கோட்டை கொஞ்சூண்டு பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கிட்ட நிக்குது. அதுக்குப் பக்கத்துல நாளு பூராம் ஆயிரக்கணக்குல சனம் நகர பஸ்ஸுக்குக் காத்து நிக்குது, வேலை இல்லாம, போனு சார்ஜு இல்லாம. பலகை வைக்கிறதுக்கு அத விட நல்ல எடம் எது? நீ என்னன்னா விமான நிலையத்துல வைக்கணும்ங்கிற. வந்து எறங்குனவன் டாக்ஸிக்கு ஓடுற ஓட்டத்துல ஒம் பலகைய வாசிப்பானாக்கும்.

மேலமாசி வீதியில துண்டு வாங்கப் போற பெருசுகளப் பாத்திருக்கேன். கீழ கதர்க்கடை. அந்த வீட்டு மாடியிலதான் காந்தி தங்கியிருந்தாரு. 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி காலையில சட்டையக் கழட்டுனவரு அப்பறம் போடவே இல்ல. அரை வேட்டியோட மொதக் கூட்டத்துல பேசுனது இப்ப காமராசர் சாலையில இருக்குற காந்தி பொட்டல். உலகம் பூராவும் செலை வச்சிருக்காய்ங்களே, அந்த உருவம் பொறந்தது மதுரை மாடியில. சுட்டப்ப அவரு மேல இருந்த ரத்தம் பட்ட துணியும் நம்ம ஊர்லதான் இருக்கு, தமுக்கம் அரமனையில நேரு தொறந்து வச்ச காந்தி மியூசியத்துல. மங்கம்மா ராணி இருந்த அரமனை அது. ஒரே ஊருல தொடக்கமும் முடிவும். நடந்து போனாக்கூட ஒரு காலைப்பொழுதுல முடிஞ்சிரும். இந்த ஒரு நடைய ஒவ்வொரு பள்ளிக்கூடமும் போக வையி, தொப்பிக் காசுல பாதி மிச்சம்.

தெப்பக்குளத்த வுட்டுட்டேன் பாரு. மகாலு கட்ட மண்ணு எடுத்த பள்ளம்னும், தோண்டைல முக்குறுணிப் பிள்ளையாரு கெடச்சாருன்னும் சொல்வாக. இன்னைக்கும் விநாயகர் சதுர்த்திக்கு அவருக்கு 18 படி அரிசியில ஒத்தக் கொழுக்கட்டை. எங்க காலத்துல தெப்பத்துக்குள்ள தண்ணி இல்லாமப் பயலுக கிரிக்கெட் வெளையாண்டாய்ங்க. இப்ப வைகைத் தண்ணி வந்து நெறஞ்சு கெடக்கு, சாயங்காலம் ஊரே அங்கதான் காத்து வாங்குது. அங்க மைக்கு வேணாம், வெளக்கு வேணாம். படிக்கட்டுல ஒக்காந்து கத சொல்ல நாலு பெருசுகளுக்குச் சுண்டல் வாங்கிக் குடு, போதும். நானும் வாறேன், எனக்குக் காரம் கம்மியா.

ஊரு முழுக்க வெளங்குற ஒரு சங்கதி வேணுமா? கல்யாண வீடுகள்ல "ஒங்க வீட்டுல மதுரையா, செதம்பரமா"ன்னு, அம்மா ஆட்சியா அய்யா ஆட்சியான்னு, கேக்குறாகள்ல, அதுல இருந்து பிடி. சித்திரையில மீனாட்சிக்குப் பட்டாபிசேகம், வேப்பம்பூ மாலை, கையில செங்கோலு. ஆவணியில சொக்கருக்குப் பட்டம். கணக்குப்படி நாலு மாசம் அம்மா, எட்டு மாசம் அய்யா. எந்த மதுரைக்காரன்கிட்டயாச்சும் இந்தக் கணக்கச் சொல்லிப் பாரு. வருசம் பூராம் அம்மாதாம்பான், மொதக் கும்பிடும் அங்கதான். ஆவணியில அய்யா புட்டுத்தோப்புக்குப் போயி, வந்திக் கெழவியோட உதுந்த புட்டுக்கு மண்ணு சொமந்து பெரம்படி பட்டதுதான் அவரு ஆட்சியில ஊருக்கு நல்லாத் தெரிஞ்ச சேதி. ராசாவே கூலிக்கு வந்து அடி வாங்குன ஊருப்பா இது, அத வுட்டுட்டுக் கோபுரத்து ஒசரத்த எழுதுறியே.

சாப்பாட்டப் பத்தி நீ எழுதுனது மட்டும் பழுதில்ல. ஜிகர்தண்டாவும் கறிதோசையும் யாரும் வெளம்பரம் பண்ணாமலே விக்கும், வுட்டுரு. மல்லிக்கு 2013-லயும் சுங்குடிக்கு அதுக்கு முன்னாலயும் புவிசார் குறியீடு வாங்கியாச்சு. அந்தச் சான்றிதழ் படத்தப் பெருசாப் போட்டிருக்க. சுங்குடியில ஒவ்வொரு புள்ளிக்கும் நூலச் சுத்தி முடிச்சுப் போட்ட சௌராஷ்டிரப் பொம்பளைக கைய எங்கயும் காணோம். சான்றிதழ யாரு மாப்ள கட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போறாக?

பாஷையப் பத்தி ஒரு வாத்தை. தமிழுல, இங்கிலீசுல போட்டுருக்க. கார்த்திகை மார்கழியில வந்து பாரு, கோயிலச் சுத்தி கருப்பு வேட்டியும் மாலையுமா ஐயப்ப சாமிமாரு, பாதிப் பேரு தெலுங்கு, மிச்சத்துல கன்னடமும் மலையாளமும். ராமேசுவரம் போற வழியில எறங்குறவுக இந்தி. அவுகளுக்கு ஒன்னுமே சொல்லாம அனுப்புறோம். அவுக செருப்பு விடுற எடத்தையும் சோத்துக் கடையையும் மட்டும் பாத்துட்டு மதுரையப் பாத்தாச்சுன்னு போறாக. வருசா வருசம் வர்ற கூட்டத்துக்குச் சொல்லாம, என்னைக்கோ வரப்போற சீமைக்காரனுக்காகப் பளபளன்னு காகிதம் அடிக்கிற.

கீழடியப் பத்தி நான் பேச மாட்டேன், அத நீ நல்லாவே எழுதியிருக்க. 2023 மார்ச்சுல தொறந்த அருங்காட்சியகத்துல பானைக் கீறலையும் சூதுபவளத்தையும் ஒழுங்கா வெளக்கி வச்சிருக்காய்ங்க. மாவட்டம் சிவகங்கை, பேரு வாங்குறது மதுரை. அதையும் பலகையில ஒத்துக்கிட்டா சிவகங்கைக்காரன் நம்மள வைய மாட்டான்.

கடைசியா ஒன்னே ஒன்னு. ஒன் பட்டியல்ல ஆட்டோக்காரரு இல்ல, பூக்காரம்மா இல்ல, டீக்கடை இல்ல, லாட்ஜு வாசல்ல நிக்கிற பையன் இல்ல. வெளியூர்க்காரன் மதுரையில எறங்குனதும் வாயத் தொறந்து பேசுற மொத ஆளு கலெக்டரா? மாட்டுத்தாவணியில நிக்கிற ஆட்டோக்காரரு. அவருக்குத் தெரிஞ்சது கோயிலு, மகாலு, அப்பறம் கமிசன் குடுக்குற பொடவைக் கடை. அவரு மேல குத்தம் இல்ல, அவருகிட்ட எவனாச்சும் வந்து சொன்னானா? அவுகளயெல்லாம் ஞாயித்துக் கெழமை கூட்டிக்கிட்டுப் போ. பெட்ரோலுக்கும் அன்னன்னிக்கு வருமானத்துக்கும் கணக்குப் பாத்துக் குடுத்துரு. இதொன்னும் புது யோசனை இல்ல, அ. முத்துக்கிருஷ்ணன் ஆரம்பிச்ச பசுமை நடைக்காரவுக மலைமலையாக் கூட்டிக்கிட்டுப் போயி, கல்வெட்டு வாசிச்சுக் காட்டி, ஆலமரத்தடியில எலை போட்டுச் சாப்பாடும் போட்டு அனுப்பியிருக்காக. யானைமலைய வெட்ட வந்தப்ப ஊருச் சனம் எதுத்து நின்ன சேதி தெரியும்ல. தெரிஞ்சதத்தான் மனுசன் காப்பாத்துவான், பலகையில இருந்த அபராதத்துக்குப் பயந்து இல்ல.

பலகையும் வேணும் மாப்ள, வேணாங்கல. ஆனா கொஞ்சமா வையி, சனம் சும்மா நிக்கிற எடத்துல வையி, ஒங்கம்மாகிட்ட வாசிச்சுக் காட்டு. அவ அடுப்படிக்கு எந்திரிச்சுப் போயிட்டான்னா கிழிச்சுட்டு மறுபடி எழுது. எல்லாத்தையும் சித்திரைக் கொடியேத்தத்துக்கு முன்னால நட்டு முடிச்சுரு. கொடி ஏறிருச்சுன்னா மாசி வீதியில கடப்பாரை போட ஒரு சாண் எடம் கெடைக்காது.